பத்துக்கு ஏழு

கவின்,

இதை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை என்னைத் தொலைபேசியில் அழைக்காதே. இடையில் நிறுத்தினால், நான் சொல்ல வந்ததில் பாதிதான் உனக்குக் கிடைக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ என்னை மன்னித்துவிடவும் கூடும். அதற்கு நான் இடம் கொடுக்கக் கூடாது. உன் திருமணத்திற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், பூச்சோங்கில் உன் வீட்டு முகவரி எழுதிய உறையில் வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். நேரில் சொல்லத் தொடங்கினால் என் வாய் பழைய பாதையிலேயே போய்விடும்.

சென்ற சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையிலிருந்து நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். தலை சுற்றுகிறது, கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போகிறேன் என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். தலை சுற்றவில்லை. அன்று கடையில் நடந்ததை நீ மறந்திருப்பாய். மறக்கத்தக்க அளவுக்குச் சின்ன விஷயம்தான். கூறைப் புடவை எடுக்க நால்வர் போயிருந்தோம்: நீ, உன்னை மணக்கப்போகும் யாழினி, என் அக்காவான உன் பெரியத்தை, நான். கடைக்காரர் கனத்த சரிகைப் பட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். யாழினி ஒவ்வொன்றையும் தொட்டாள். தொட்ட மறுகணம், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவள்போல் விரல்களை இழுத்துக்கொண்டாள். மேசை ஓரத்தில், வேறு யாரோ பார்த்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிய மென்பட்டு ஒன்று கிடந்தது. மாதுளம்பூ நிறம், சரிகை இல்லை. அவள் கை அதன்மேல் போய் நின்றது. எடுக்கவில்லை.

“ஆன்டி, இது ஓகேவா? சரிக இல்லாம இருந்தா எனக்குக் கொஞ்சம் ஈசியா இருக்கும்,” என்றாள்.

“இதயா? இதக் கட்டிக்கிட்டு எழவு வீட்டுக்குத்தான் போவணும்,” என்றாள் உன் பெரியத்தை. “மணவறையில உக்கார்ற பொண்ணு தகதகன்னு இருக்க வேணாமா? ஒரு நாளுதானே லா, செத்தா போயிடுவ?”

நீ கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாய்: “எவ்ளோ குத்துது? பத்துக்கு எத்தன?”

யாழினி உன்னைப் பார்த்தாள். நீ நிமிரக் காத்திருந்தாள். பிறகு, “ஏழு,” என்றாள். “பரவால்ல, சமாளிச்சுக்குறேன்.”

“ஏழுதானே? அப்ப ஓகே. அண்ணே, அந்த அரக்குச் சிவப்பு சரிகப் பட்ட எடுத்து வைங்க. அடுத்த சனிக்கிழம பிளவுஸ் அளவு குடுக்க வரும்போது வாங்கிக்கிறோம்.”

அந்த இடத்தில்தான் நான் எழுந்து வெளியே வந்தேன். நீ பேசியது என் குரலில், கவின். கேள்வி என்னுடையது, எண்ணைக் கேட்டதும் முடிவெடுத்த வேகம் என்னுடையது, ‘ஏழுதானே’ என்பதில் இருந்த நிம்மதியும் என்னுடையதுதான். அவள் சொன்ன ஏழு மட்டும் உன் அம்மாவுடையது.

யாழினிக்கு உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் என்று மருத்துவர் உறுதிசெய்ததும் நீ என்னிடம் வந்து சொன்னது நினைவிருக்கிறதா? “அம்மாவுக்கு இருந்த அதே சீக்குதான்பா. நமக்குத்தான் பழக்கமாச்சே, பாத்துக்கலாம்,” என்றாய். அந்தத் துணிச்சலைக் கண்டு நான் அன்று பெருமைப்பட்டேன். நீ பழகியிருந்தது அந்த நோயோடு அல்ல, அதை நான் நடத்திய விதத்தோடு என்பது சேலைக்கடையில்தான் எனக்கு உறைத்தது. ஆகவே அந்த விதத்தை, மறைத்த பகுதிகளோடு, இப்போது எழுதுகிறேன்.

நோய் வருவதற்கு முன்பிருந்த உன் அம்மாவை நீ அதிகம் அறியமாட்டாய். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எங்கள் இருவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். நான் பின்னால் அமர்ந்து, வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லிக்கொண்டு வருவேன். “நீங்க எறங்கி நடந்து வாங்களேன், அது இன்னும் பாதுகாப்பு,” என்பாள். வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு அதைவிடச் சத்தமாகப் பாடுவாள். பட்டாசு வெடிப்பது நம் வீட்டில் அவள் பொறுப்பு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் எல்லாரும், என்னையும் சேர்த்து, அவளுடைய குணமே அப்படி, எதற்கும் பயப்படுகிற, எதையும் தாங்காத குணம் என்று பேசியபோது, நான் இந்த மோட்டார் சைக்கிளை ஒரு முறைகூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது அது தொடங்கியது. முதலில் தோளும் இடுப்பும். பிறகு உடம்பு முழுவதும். வலியோடு வேறு சில சேர்ந்து வந்தன. அவைதான் என் பொறுமையைச் சோதித்தன. குழல் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருக்கிறது என்றாள். குக்கர் விசில் முதுகுத்தண்டில் கேட்கிறது என்றாள். பக்கத்து வீட்டில் துணி அலசும் திரவத்தின் வாசனைக்கு வாந்தி எடுத்தாள். ரவிக்கையின் தையல் ஓரம், தலையணை உறையின் மடிப்பு, மின்விசிறிக் காற்று, எல்லாம் அவள் தோலில் வேறொன்றாக மாறின. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நான் ஷா ஆலாமில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை செய்பவன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி, ஒலிமானி எதுவானாலும், அது காட்டும் எண் சரியா என்று தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்திடுவது என் தொழில். எண்ணில் வராத ஒன்று என் வீட்டுக்குள் குடியேறியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நாள் கூடத்திலிருந்து ஒலிமானி ஒன்றை, முறையாக எழுதி அனுமதி பெற்றுத்தான், வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் தன்னைக் கொல்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் படுத்திருந்த கட்டில் அருகே கருவியை வைத்து அளந்தேன். நூலகத்தில் இருக்கும் அளவுக்குத்தான் சத்தம் இருந்தது. திரையை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினேன்.

“பாரு. இதுல யாருக்கும் வலிக்க வாய்ப்பே இல்ல.”

அவள் எழுந்து உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்தாள். “சரி, மெஷினுக்கு வலிக்கல. எனக்கு வலிக்குது. நீங்க மெஷினையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க லா,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

கடைசியில் ஒரு பெண் நிபுணர்தான் நோயின் பெயரைச் சொன்னார். பல படிவங்களை நிரப்பச் சொன்னார். தூக்கம், களைப்பு, வெளிச்சம், சத்தம், தொடுகை பற்றிய கேள்விகள். பிறகு குணம் பற்றிய கேள்விகள். ‘சிறிய விஷயத்துக்கும் கவலைப்படுவேன்’, ‘எளிதில் பதற்றமடைவேன்’, ‘பிறர் என்ன நினைப்பார்களோ என்று எண்ணுவேன்’. உன் அம்மா நேர்மையாக எல்லாவற்றுக்கும் ஆம் என்று குறித்தாள். மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: “சார், குணம் கெட்டதால நோய் வந்துச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இவங்களுக்கு எப்படி உதவி பண்ணலாம்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம். நரம்பு எல்லாத்தையும் பெருசாக்கிச் சொல்லிக்கிட்டே இருந்தா, யாரா இருந்தாலும் கவலப்பட ஆரம்பிச்சுடுவாங்க. ரிப்போர்ட் நார்மலா இருந்தாலும் வலி நெசந்தான்.” நான் தலையாட்டினேன். ஆனால் வாசல் தாண்டியதும் காரில் சொன்னேன்: “பாத்தியா, உன் கொணந்தான் காரணம். கவலப்படுறத நிறுத்து, சரியாயிடும்.” ஒரு மருத்துவர் தெளிவாகச் சொன்ன வாக்கியத்தைத் தலைகீழாக்கிக்கொள்ள எனக்கு வாகன நிறுத்துமிடம் வரையிலான தூரம் போதுமானதாக இருந்தது. நம் வீட்டில் குணத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதியவள் அவள் ஒருத்திதான். என் குணத்தைப் பற்றி யாரும் ஒரு படிவமும் நீட்டவில்லை.

இந்தக் காலத்தில்தான் உனக்கும் ஒரு விதி போட்டேன். பள்ளியிலிருந்து வந்ததும் நீ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்வாய். அவள் உடம்பு சுருங்கும். அதைப் பார்த்து நீ விழிப்பாய். ஒரு மாலை உன்னைத் தனியே அழைத்து, “இனிமே அம்மாவத் தொடக்கூடாது, தொட்டா வலிக்கும்,” என்றேன். நீ கீழ்ப்படிந்தாய். எத்தனை முழுமையாகக் கீழ்ப்படிந்தாய் என்றால், சில வருடங்களில் அவள் அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டாய். ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள்: “ஏங்க, அவன் ஏன் எங்கிட்ட வரவே மாட்டேங்கிறான்? எனக்கு உள்ளங்கையில வலியே இல்ல தெரியுமா? கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா ஒண்ணும் ஆவாது.” நான் போட்ட விதியை அவளிடம் சொல்லவில்லை. உள்ளங்கையைப் பற்றி உன்னிடமும் சொல்லவில்லை. “வளர்ற பையன் அப்படித்தான் இருப்பான்,” என்றேன். அம்மா உன்னை வெறுத்து ஒதுக்கினாள் என்று நீ எப்போதாவது நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை இந்த இடத்தில் விட்டுவிடு. அவள் கை உனக்காகக் காத்திருந்தது. இடையில் நின்றவன் நான்.

நீ பினாங்கில் படிக்கப் போன வருடம் அவள் இருமுறை நெஞ்சு அடைக்கிறது என்றாள். இருமுறையும் வேலையை விட்டு ஓடிவந்து அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். இருமுறையும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இரண்டாம் முறை அங்கிருந்த ஓர் இளம் மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு எங்களைப் பார்த்த பார்வை எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் ஒரு தாளில் சட்டம் இயற்றினேன். காலை ஆறு நாற்பதுக்கு நான் கேட்பேன்; அவள் பத்துக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். எட்டும் அதற்கு மேலும் என்றால் மருத்துவமனை. ஏழும் அதற்குக் கீழும் என்றால் மாத்திரை, ஓய்வு, அலுவலகத்துக்குத் தொலைபேசி வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தத் தாளைக் காந்தம் வைத்து ஒட்டினேன். விடுமுறைக்கு வந்த நீ அதைப் படித்துவிட்டு, “சூப்பர் சிஸ்டம்பா,” என்றாய். அம்மா பின்னால் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாலு வருடம் அவள் ஒரு நாளும் எட்டு சொல்லவில்லை. ஐந்து, ஆறு என்று தொடங்கி, பிறகு ஏழில் நின்றது. ஒவ்வொரு காலையும் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். ஏழு, ஏழு, ஏழு. நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பினேன். கவின், ஒரு கருவி எத்தனை நாள் சோதித்தாலும் ஒரே எண்ணைக் காட்டினால், நாங்கள் கூடத்தில் அதைப் பாராட்டமாட்டோம். முள் சிக்கிக்கொண்டது என்று எழுதிச் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியே வைப்போம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. அதே கையால்தான் வீட்டில் வரிசையாக ஏழு எழுதினேன்.

இனி நான் உன்னிடம் சொன்ன பொய்க்கு வருகிறேன். அம்மா தூக்கத்திலேயே, வலி தெரியாமல் போனாள் என்று சொல்லியிருந்தேன். நீ பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தோம்; உனக்கு வேறு எதுவும் தெரிய வழியில்லை. நடந்தது இது. அன்று காலை நான் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாடையை அழுத்தியபடி நின்றிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. “எவ்ளோ?” என்றேன். திரும்பி என்னைப் பார்த்தாள். சேலைக்கடையில் யாழினி உன்னைப் பார்த்தாளே, அதே அளவு நேரம். பிறகு, “ஏழு,” என்றாள். “கெளம்புங்க, ஜாம் ஆயிடும்.” நான் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

மிச்சத்தைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா சொன்னார். அன்று பத்து மணிக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கிறார். உன் அம்மா நாற்காலியில் சாய்ந்து, வியர்வையில் உடை நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். “நான் பயந்துட்டேன் தம்பி. ஒங்களுக்குப் போன் போடவான்னு கேட்டேன். வேணாங்கா, காலையில ஏழுன்னு சொல்லிட்டேன், இப்ப மாத்திச் சொன்னா அவரு நம்ப மாட்டாருன்னுச்சு. எனக்கு என்னா ஏழுன்னே புரியல தம்பி. அடுப்ப அணைச்சுட்டு வரேன்னு போனேன். திரும்பி வந்தா கீழ விழுந்து கெடந்துச்சு.” அவருக்கு எதுவும் புரியவில்லை. அந்தத் தாள் அப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. இதயம். இரண்டு நாளாகவே அடையாளங்கள் இருந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எந்த வலி பழையது, எந்த வலி புதியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை, எண்ணைக் கேட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சுமங்கலியாகப் போகிறவளைக் கூறைப் புடவையில்தான் அனுப்ப வேண்டும் என்று உன் பெரியத்தை அலமாரியைத் திறந்தாள். பன்னிரண்டு வருடமாக உன் அம்மா தொடக்கூட முடியாமல் மடித்து வைத்திருந்த சரிகைப் பட்டு. பருத்திச் சேலையில் கல்யாணங்களுக்குப் போய், “நைட்டித் துணியில வந்துட்டா பாரு,” என்று அதே அத்தையிடம் பேச்சு வாங்கியவள் அவள். பெண்கள் அவளைத் தூக்கிச் சுற்றிக் கட்டினார்கள். சரிகைக் கரை கழுத்தோடு அழுந்திக் கிடந்தது. ‘எடுங்க, அவளுக்குக் குத்தும்’ என்ற வாக்கியம் என் வாய்க்குள் முழுமையாக உருவாகிவிட்டது. முறை என்று ஒன்று இருக்கிறதே என்று விழுங்கிவிட்டேன். அவள் பக்கம் நின்று நான் பேசியிருக்கக்கூடிய கடைசி வாக்கியம் அது.

இப்போது இந்த வீட்டில் குழல் விளக்கு இல்லை. குக்கரும் இல்லை. அவள் இருந்தபோது செய்திருக்க வேண்டிய மாற்றங்களை அவள் போன பிறகு ஒவ்வொன்றாகச் செய்தேன். மங்கிய, சத்தமில்லாத, வாசனையில்லாத வீடு, அதை வேண்டியவள் இல்லாமல் தயாராக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் இப்போது எனக்குக் கேட்கிறது. முன்பு கேட்டதில்லை. சில காலைகளில் காலுறையோடு சமையலறை வாசலில் நின்று, “எவ்ளோ?” என்று கேட்டுவிடுகிறேன். நேற்றும் கேட்டேன். தொட்டியின் விளிம்பு ஈரமாக இருந்தது. சற்று முன் நானே கை கழுவியிருக்கிறேன் என்று நினைவுக்கு வரும்வரை அங்கிருந்து அசைய முடியவில்லை.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் வேறு. என்னோடு பேச வேண்டாமென்று தோன்றினால் பேசாதே, திருமணத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய், அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. யாழினி எண் சொன்னால் அதோடு நிறுத்தாதே. எங்கே, எப்போதிலிருந்து, நேற்று இருந்ததைப்போலவா, வேறு மாதிரியா என்று கேள். பதிலுக்குக் காத்திரு. நெஞ்சு, தாடை, மூச்சு என்று அவள் சொன்னால் கோப்பில் என்ன எழுதியிருந்தாலும், பத்து முறை ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும், பதினோராவது முறையும் அழைத்துப்போ. எவர் எப்படிப் பார்த்தாலும் பார்க்கட்டும். அவள் பயப்படுகிறவள், தாங்காதவள் என்று யாராவது சொன்னால், உனக்குத் தெரிந்த அவளுடைய மோட்டார் சைக்கிள் எதுவோ, அதைச் சொல். அவள் விரும்பினால் இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். என் மகனை மணப்பதற்கு முன் அவள் அறிய வேண்டியது இதில் இருக்கிறது. அறிந்த பிறகு அவள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது சரியானது.

சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போகும்போது நான் வரமாட்டேன். உன் பெரியத்தையையும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இருக்கிறாள், இருக்கட்டும். எடுத்துவைத்த அரக்குச் சிவப்பை முதலில் திருப்பி அனுப்பு. எல்லாத் துணியையும் யாழினி முன் விரிக்கச் சொல். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, அவள் கையைப் பார். எதன்மேல் அது தங்குகிறதோ, அதை வாங்கு.

அப்பா